பாலைப்பழம் தேடி

இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஏ-34 வீதியில் பஸ் ஏறி ஒட்டுசுட்டானில் இறங்கினேன். அங்கிருந்து சித்தப்பாவின் சைக்கிள் பாரில் முத்தையன்கட்டுப் பக்கம். இந்த வயதில் பாரில் இருந்து போவது இடுப்புக்கு ஆகாது!

வயல் வரம்பு முடிய, ஒற்றையடிப் பாதை. வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கிற சிறுகாடு. பாதை நடுவே யானை இலத்தி. சித்தப்பா குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடில்லை, நேற்றையது. வா பிள்ளை."

ஓரிடத்தில் துருப்பிடித்த மண்டையோட்டுப் பலகை. கண்ணிவெடி எல்லாம் எடுத்துவிட்டார்களாம். ஆனாலும் அவர் பாதையை விட்டுக் கால் வைக்கவில்லை, நானும்தான்.

பாலைமரத்தின் கீழ் மஞ்சள் பழங்கள் கொட்டிக் கிடந்தன. தேனாக இனித்தன. பத்தாவது பழத்தில் பால் பிசுபிசுத்து உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. சித்தப்பா சிரித்தபடி மடியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். முதலிலேயே தந்திருக்கலாம்.