ஊர் கூடிக் கற்பித்த முன்பள்ளி

நமது சங்கத்தின் பழைய மலர்களை அண்மையில் ஒன்றாக எடுத்து வாசித்தேன். அதிபர்கள், உயர்தரப் பெறுபேறுகள், கரப்பந்தாட்ட அணி, ஆய்வுகூடத் திறப்பு விழா என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டோம். மைதானத்தின் மூலையில், சனசமூக நிலையத்தோடு ஒட்டி நின்ற முன்பள்ளிக் கொட்டிலைப் பற்றி மட்டும் எவரும் எழுதவில்லை. நம்மில் பலரும் முதன்முதலில் அம்மாவின் கையை விட்டது அந்த வாசலில்தான். இன்று ஒக்லாந்தில் சிறுபிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். அந்தக் கொட்டிலில் நடந்ததன் பெறுமதி இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நான் அங்கே சேர்ந்தது 1996 ஆம் ஆண்டின் கடைசியில். 1995 இல் போரால் நடந்த வலிகாமம் இடப்பெயர்வில் வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும், கிளிநொச்சியை விட்டு வந்தவர்களும், கரையோரத்து மீனவக் குடும்பங்களும் முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கமெல்லாம் நிறைந்திருந்த காலம். கிடுகு வேய்ந்த கூரை, இடுப்பளவு மண்சுவர், சாணம் மெழுகிய தரை. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்ததால் சீமெந்து இல்லை, மின்கலம் இல்லை, மண்ணெண்ணெய் ஆனை விலை. கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள் என்று எதையும் அந்தக் கொட்டிலில் நான் கண்ட நினைவில்லை. புளியங்கொட்டையில் எண்ணக் கற்றோம். பனங்காய் வண்டில் உருட்டினோம். தென்னோலையில் பாம்பும் கிலுகிலுப்பையும் செய்தோம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொருள் இல்லாததால் எங்கள் ரீச்சர் மனிதர்களை அழைத்து வந்தார். இதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது. ஊரில் யாரிடம் என்ன தெரியும் என்பதை அவர் அறிந்து வைத்திருந்தார். ஒரு நாள் குயவர் வந்து எங்கள் கையில் களிமண்ணைத் தந்தார். இன்னொரு நாள் தபால்காரர் வந்து, ஒரு கடிதம் எத்தனை கை மாறி வருகிறது என்பதைக் கதையாகச் சொன்னார். கரையோரத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையின் அப்பா, கிழிந்த வலையைத் தூணில் கட்டி, ஊசியால் கண் கண்ணாகப் பொத்திக் காட்டினார். அதுவரை யாரோடும் பேசாமல் மூலையில் இருந்த அவருடைய மகன், அன்று எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் நின்று, ஊசியின் பெயரையும் நூலின் பெயரையும் எங்களுக்குச் சொல்லித் தந்தான். அடுத்த நாளிலிருந்து அவன் எங்களோடு விளையாட வந்துவிட்டான். பிள்ளைகளுக்கு உளவளத்துணை தேவை என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் பேசுகிறோம், சரியான பேச்சுத்தான். அந்தப் பிள்ளைக்கு அன்று தேவைப்பட்டது, தன் தகப்பன் எல்லார் முன்னிலும் ஆசிரியராக நிற்பதைக் காண்பது.

சாப்பாடும் அப்படித்தான். தாய்மார் முறை வைத்து அவித்த கௌபியோ பயறோ இலைக்கஞ்சியோ கொண்டு வந்தார்கள். கொண்டு வந்தவர் வைத்துவிட்டுப் போய்விட முடியாது. உட்கார்ந்து, அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது, எப்படிச் சமைத்தது என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். ரீச்சரின் கட்டளை அது. பாலைப்பழக் காலத்தில் யாராவது ஓர் அப்பு காட்டிலிருந்து பனையோலைக் குட்டானில் பழம் கொண்டு வருவார். தின்றால் உதட்டில் பால் ஒட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளைகள் பலர் அதற்குமுன் அதைத் தின்றதில்லை. அவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசி ஒட்டை எடுக்கக் காட்டிக் கொடுத்தது நாங்கள். பதிலுக்கு அவர்கள் எங்களுக்குப் புதிய விளையாட்டுப் பாட்டுகளைத் தந்தார்கள்.

தைப்பூசத்தன்று, புதுநெல்லின் முதற்கதிரான புதிர் எடுக்க வயலுக்குப் போனோம். காலபோக நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கமக்காரர் கிழக்கு நோக்கிக் கும்பிட்டுவிட்டு முதல் கதிர்ப் பிடியை அறுத்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இரண்டு மூன்று கதிர்களை வைத்தார். அதைக் கொட்டிலுக்குக் கொண்டு வந்து உதிர்த்து, உரலில் குத்தி, அந்த அரிசியைப் பழைய அரிசியோடு கலந்து பொங்கினார்கள். கதிர் சோறாகும் வழி முழுவதையும் ஒரே காலையில் கண்ணால் கண்டோம். மார்கழியில் ஒளிவிழா நடந்தது. நத்தார்ப் பாட்டை எங்களுக்குப் பழக்கியது கரையோரத்துத் தாய்மார். சைவப் பிள்ளைகள் நாங்கள் இடையர் வேடம் போட்டோம். நவராத்திரிக்கு அந்தத் தாய்மார் அவல் கொண்டு வந்தார்கள்.

1997 வைகாசியில் நடந்த நாடகத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கதை நமக்குத் தெரியாததல்ல. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்கிறாள். சிறுவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுது படுகிறது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்கிறாள், விளக்கு எரிகிறது. தலை கடிக்கிறது, பார் என்கிறாள். பார்த்தால் தலை முழுதும் ஆயிரம் கண்கள். அவள் மறைந்து போகிறாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கெரிப்பது அந்த நினைவில்தான்.

இந்தக் கதையைச் சொல்ல ரீச்சர் வயிரவர் கோவிலடி ஆச்சியை அழைத்து வந்தார். ஆச்சி கதிரையில் இருக்கவில்லை. தரையில் காலை நீட்டி இருந்து, எங்களைச் சுற்றி இருத்திக்கொண்டார். கடல்நீரில் விளக்கு எரிந்த இடம் வந்ததும் ஒரு பிள்ளை எழும்பி, "ஆச்சி, எங்கள் வீட்டு விளக்குக்கும் கடல்நீர் ஊற்றலாமா?" என்று கேட்டாள். எங்கள் வீடுகளில் அப்போது எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. பஞ்சை நனைக்கிற அளவுதான் மண்ணெண்ணெய். படிக்கிற அண்ணா, அக்காமாரைத் தவிர மற்றவர்கள் இருட்டில் இருக்க வேண்டும். ஆச்சி சிரிக்கவில்லை. "அம்மாள் சொன்னால் எரியும் பிள்ளை. சொல்லும்வரை நாங்கள் எண்ணெயைச் சிக்கனமாகப் பாவிப்போம்" என்றார். நான்கு வயதுப் பிள்ளையின் கேள்விக்கு அதைவிட மரியாதையான பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

பிறகு அந்தக் கதையை நாங்கள் நடித்தோம். ஊரில் கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு வந்து, எங்கள் காலுக்கு அடங்குகிற மாதிரித் தாளத்தைக் குறைத்து, இரண்டே இரண்டு மிதி பழக்கினார். நான் மாடு மேய்க்கும் சிறுவர்களில் ஒருத்தி. கிழவியாக வந்தவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளுடைய தலையில் ஆயிரம் கண்கள் வேண்டுமே! தாய்மார் கூடி, பழைய கறுத்தச் சீலைத் துண்டில் சோகிகளை, அதாவது சோழிகளை, வரிசையாகத் தைத்து, அதைக் கொண்டை போலச் சுற்றிக் கட்டினார்கள். மேலே ஒரு வெள்ளை முக்காடு. பேன் பார்க்கப் போன பையன் முக்காட்டை இழுத்தவுடன் சோகியெல்லாம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. அவன் ஒத்திகையில் பலமுறை பார்த்ததுதான், ஆனாலும் அன்று உண்மையாகவே பயந்து கத்திவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கைகூப்பினார்கள். வன்னியில் இராணுவத்தின் ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியிருந்த மாதம் அது. தூரத்தில் எறிகணைச் சத்தம் கேட்டது. மத்தளம் நிற்கவில்லை.

நான் வேலை செய்யும் நியூசிலாந்தில் சிறுபிள்ளைக் கல்விக்கு ஒரு தேசியப் பாடத்திட்டம் உண்டு. தே ஃபாரிக்கி என்பது பெயர். முதலில் வெளிவந்தது 1996 இல், திருத்திய பதிப்பு 2017 இல். அதன் நான்கு கொள்கைகளில் ஒன்று குடும்பமும் சமூகமும். பிள்ளையின் வீட்டு மொழியும் வழக்கங்களும் பாட்டன் பாட்டியின் அறிவும் நிலையத்துக்குள் வர வேண்டும் என்பது அதன் பொருள். நடுக்குளிர் காலத்தில் இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களின் புத்தாண்டான மாத்தாரிக்கி வரும். 2022 முதல் அது பொது விடுமுறை. குடும்பங்கள் உணவு கொண்டு வந்து கூடி, அந்த ஆண்டு இறந்தவர்களை நினைத்து, வானத்தில் ஒரு விண்மீன் கூட்டத்தைத் தேடுவார்கள். அந்த விண்மீன் கூட்டம் வேறொன்றுமில்லை, நம்முடைய கார்த்திகைதான். எங்கள் நிலையத்துப் பிள்ளையொன்றின் அம்மம்மாவை ஒருமுறை அழைத்தேன். அவர் முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களின் கதையைத் தமிழில் சொன்னார், பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். மாவோரிப் பாட்டி ஒருவர் எழும்பி வந்து அந்த அம்மம்மாவின் மூக்கோடு மூக்கை ஒற்றி வணங்கினார். அன்று எனக்கு ரீச்சரின் நினைவாகவே இருந்தது. அரசாங்கம் ஆய்ந்து எழுதிய கொள்கையை, அதே 1996 இல், உயர்தரம் வரை படித்த ஒரு பெண், சம்பளம் என்று எதுவும் ஒழுங்காகக் கிடைக்காமல், அறுவடைக்குப் பெற்றோர் கொடுத்த நெல்லோடு வன்னியில் நடத்திக்கொண்டிருந்தார்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஊருக்குப் போனபோது முன்பள்ளி கல்வீடாகியிருந்தது. மகிழ்ச்சி. சுவரில் வண்ணப்படங்கள், முற்றத்தில் சறுக்கு மரம். வெளிநாட்டிலிருந்து நாம் அனுப்பிய பணமும் அதில் இருக்கிறது. ஆனால் ஆண்டு விழாவில் நான் பார்த்தது வாடகை உடுப்பும் ஒலிப்பதிவுப் பாட்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு வேறு. பல மாவட்டங்களிலும் இந்த வழக்கம் பரவிவிட்டது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. வெயிலில் வியர்த்து நின்ற அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களில் எத்தனை பேருக்கு மத்தளம் தெரியும், எத்தனை ஆச்சிமாருக்குக் கும்மி தெரியும்! அவர்கள் பார்வையாளர் வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்கள்.

ரீச்சர்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முன்பள்ளி மாகாண சபையின் பொறுப்பு. ஆசிரியைகளுக்குக் கிடைப்பது ஒரு சிறு கொடுப்பனவு, பஸ் செலவுக்கே காணாது. பெற்றோர் ஆங்கிலச் சொல் எத்தனை தெரியும் என்று கேட்கிறார்கள். அந்த நெருக்குதலில் ஒரு ஆச்சியைக் கூட்டி வந்து கதை சொல்ல வைக்க அவர்களுக்கு ஏது நேரம்?

ஆகவே சங்கத்திடம் இரண்டு விடயம் கேட்கிறேன். அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு சுவரும் வாயிலும் கட்ட வேண்டாம். அதை இரண்டு ஆசிரியைகளுக்கும் மாதாந்தக் கொடுப்பனவாகவும், கற்பிக்க வரும் முதியவர்களின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுப்போம். மற்றது, உங்கள் வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ அந்த நாடகத்துக்கு அண்ணாவியார் கட்டிய பாட்டின் வரிகளை நினைவில் வைத்திருந்தால், தொலைபேசியில் பாடச் சொல்லிப் பதிந்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். என்னிடம் முதல் நான்கு வரியும் முடிவும் இருக்கின்றன. கிழவி எண்ணெய் கேட்கும் இடம்தான் இல்லை. தை மாதத்துக்குள் அது கிடைத்தால், இப்போதைய ரீச்சர் வைகாசிக்குப் பிள்ளைகளைப் பழக்கிவிடுவார். அவரிடம் பேசிவிட்டேன். சோகி தைக்கத் தாய்மார் ஆயத்தமாக இருக்கிறார்களாம்.