‘காப்பகம் கட்ட’: இரண்டு சொல்லால் போன மூன்றரை மாதம்

பணம் வந்துவிட்டது. இருபது பிள்ளைகளுக்கான பகல்நேர மையம் இப்போது காலை ஐந்தரைக்குத் திறக்கிறது. கடற்பாசி எடுக்கப் போகிற பெண்கள் பிள்ளையை விட்டுவிட்டு நேரே கரைக்குப் போகிறார்கள். ஆனால் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள ஒரு சிற்றூருக்கு ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியைக் கொண்டுவந்து சேர்க்க 2025 ஜனவரியில் தொடங்கிய வேலை நவம்பர் வரை இழுத்தது. அதில் பாதிக்கு மேல் வீணாய்ப் போன நாட்கள். அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிற ஊர்த் தலைவர்கள், மீனவர் சங்கச் செயலாளர்கள், மகளிர் குழுத் தலைவிகளுக்கு உதவட்டும் என்றுதான், எங்கெங்கே சறுக்கியது என்பதை எழுதுகிறேன்.

விண்ணப்பம் எழுதியது, நிறுவனத்தோடு பேசியது எல்லாம் சுலபமாகவே முடிந்தது. ராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அதை எழுதுங்கள், நிதி கொடுப்பவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

முதல் அடி விழுந்தது கையெழுத்தில். மையம் நடத்த நினைத்த சமுதாயக் கூடம் ஊராட்சிக்குச் சொந்தம்; அதன் ஓர் அறையைப் பயன்படுத்த ஊராட்சியின் ஒப்புதல் கடிதம் வேண்டும். முன்னாள் தலைவர் மனமுவந்து எழுதிக் கொடுத்தார். ஊரில் அவரை இன்றைக்கும் பிரசிடெண்ட் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் எங்கள் மாவட்டக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. கடிதத்தின் தேதி ஜனவரி 20. நிறுவனம் ஒரே வரியில் திருப்பி அனுப்பியது. பதவிக்காலம் முடிந்த பிறகு ஊராட்சியின் கையெழுத்து தனி அலுவலருடையது, அதாவது கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலருடையது. ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவர்தான். முதல் இரண்டு நடையும் திங்கட்கிழமை போய் வீணாயின. திங்களன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம், பாதி அலுவலர்கள் அங்கேதான் இருப்பார்கள். செவ்வாய் அல்லது வியாழன் காலையில் போங்கள், ஊராட்சிச் செயலரையும் கூடவே அழைத்துப் போங்கள். அவர் இல்லாமல் கோப்பு நகராது.

மூன்றாம் நடையில் வட்டார வளர்ச்சி அலுவலர் கேட்டது நியாயமானதுதான்: “கிராம சபைத் தீர்மானம் இருந்தால் நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.” கிராம சபை நினைத்த நாளில் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. நடையாய் நடந்ததில் மார்ச் கூட்டம் கை தவறிப்போனது. மே 1 கூட்டத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாருக்கும் சந்தோஷம். பதிவேட்டில் எழுதப்பட்ட வரி இது: “நமது கிராமத்தில் குழந்தைகள் காப்பகம் கட்ட அனுமதி அளித்துத் தீர்மானிக்கப்பட்டது.”

அந்த ஒரு வரியில் இரண்டு சொல் எங்களைக் கவிழ்த்தன.

‘காப்பகம்’ என்பதை ஊரில் நாம் பால்வாடி மாதிரி ஓர் இடம் என்ற பொருளில் சொல்கிறோம். அலுவலகக் காகிதத்தில் அது ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லத்தையும் குறிக்கும். அப்படிப்பட்ட இல்லம் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிறுவனத்தின் சட்டப் பிரிவு அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டது. பகலில் வந்து மதியம் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு எதற்கு அந்தச் சான்று என்று விளக்கி எழுதினோம். “தீர்மானத்தில் காப்பகம் என்றுதானே இருக்கிறது” என்று பதில் வந்தது.

‘கட்ட’ என்ற சொல் இன்னும் மோசம். எங்கள் கூடம் கடலிலிருந்து கூப்பிடு தூரம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. இடத்தின் வகையைப் பொறுத்து அந்தத் தூரம் மாறும். ஒரு செங்கல்கூட நாங்கள் வைக்கப்போவதில்லை. ஆனாலும் ‘கட்ட’ என்று எழுதிவிட்டதால் அந்த மண்டல அனுமதி எங்கே என்று கேள்வி வந்துவிட்டது.

தீர்மானத்தைத் திருத்த இன்னொரு கிராம சபை வேண்டும். சிறப்புக் கூட்டம் கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. ஆகஸ்ட் 15 வரை காத்திருந்தோம். அந்த மூன்றரை மாதத்திலும் ஆறு மாதப் பிள்ளையை எட்டு வயது அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் தாய்மார் கடலுக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு அந்த அக்காக்கள் வகுப்பைத் தவறவிட்டார்கள். ஒரு வரியைச் சரியாக எழுதாததற்கு விலை கொடுத்தது அவர்கள்தான்.

ஆகையால் தீர்மான வாசகத்தைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி, செயலரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை நாங்கள் கொடுத்தது இப்படி: “ஊராட்சிக்குச் சொந்தமான சமுதாயக் கூடத்தின் கிழக்கு அறையில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையத்தை, புதிய கட்டுமானம் எதுவுமின்றி, 36 மாதங்களுக்கு நடத்திக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது.” எந்த அறை, எந்த வயது, எத்தனை மாதம், கட்டுமானம் இல்லை. இந்த நான்கும் இருந்ததால் மறுகேள்வியே வரவில்லை. தீர்மான நகலில் செயலரின் சான்றொப்பமும் பக்க எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

மூன்று வயது என்று வரம்பு போட்டதற்குக் காரணம் உண்டு. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கன்வாடி இருக்கிறது. அவர்களை நாம் இழுத்துக்கொண்டால் அங்கே வருகை குறையும், பணியாளருக்குச் சிக்கல், ஊருக்குள் மனக்கசப்பு. பெரிய பிள்ளைகள் அங்கன்வாடி திறக்கும் வரை மட்டும் எங்கள் மையத்தில் இருப்பார்கள், பிறகு ஆயா கொண்டுபோய் விடுவார் என்று எழுதிக் கொடுத்தோம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அன்றைக்கே ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தந்தார். இத்தனை அலைச்சலிலும் ஒரே நடையில் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்த பெரிய உதவி பணம் கேட்டது அல்ல, வந்த பணத்தை மடை மாற்றியது. நிறுவனம் முதலில் கொடுக்க வந்தது புதுக் கட்டடம், சுவரில் படம், விளையாட்டுச் சாமான், வாசலில் பெயர்ப் பலகை. சம்பளம் கிடையாது. ஊர்த் தலைவர் அந்தக் கூட்டத்திலேயே சொன்னார்: “கட்டடம் வேண்டாம் சார். சுனாமிக்குப் பிறகு கட்டின கூடங்கள் பூட்டிக் கிடக்குது. ஆயாவுக்கு மூணு வருசச் சம்பளம் கொடுங்க.” மூன்று ஆண்டுச் சம்பளம் தர சி.எஸ்.ஆர் விதியில் வழியும் இருக்கிறது. திட்டத்தைத் ‘தொடர் திட்டம்’ என்று நிறுவனம் பதிவு செய்தால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று நிதியாண்டு வரை நடத்தலாம். செலவாகாத தொகை தனிக் கணக்கில் இருக்கும். ‘தொடர் திட்டம்’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மார்ச் 31 நெருங்கும்போது அவசர அவசரமாகப் பொம்மை வாங்கிப் பணத்தைத் தீர்க்கச் சொல்வார்கள்.

அடுத்தது நேரம். அச்சடித்த படிவத்தில் ‘காலை 9.30 முதல் மாலை 5.30 வரை’ என்று இருந்தது. பாசி எடுக்கும் பெண்கள் அந்நேரம் கடலில் பாதி வேலையை முடித்திருப்பார்கள். மகளிர் குழுத் தலைவி விடவில்லை. ஐந்தரை முதல் பகல் இரண்டு வரை என்று மாற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஆயா, ஒரு சமையல் உதவியாளர். ஓர் ஆயா ஐந்தரைக்கு வருவார், மற்றவர் எட்டுக்கு.

இடக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். அறை 20 அடிக்கு 15, மொத்தம் 300 சதுர அடி. பிள்ளைக்கு 12 சதுர அடி வேண்டும் என்றது நிறுவனம். 25 பேர் என்று நாங்கள் எழுதினோம். சமையல் மூலைக்கு 60 சதுர அடியைக் கழித்தால் 240, அதற்கு 20 பேர்தான். பொறியாளர் வந்து அளந்து குறைத்ததில் வரவுசெலவுத் திட்டம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

அதே பொறியாளர் கூரையில் கொக்கி அடித்துத் தூளி கட்டக்கூடாது என்றும் சொன்னார், அது சரிதான். உப்புக் காற்றில் காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து ஊதி, பூச்சு செதில் செதிலாய்ப் பெயர்ந்திருந்தது. கொக்கி பிடிக்காது; பிடித்தாலும் துரு அதைத் தின்றுவிடும். பதிலுக்கு அவர் கொடுத்த பட்டியலில் இருந்தவை இரும்புத் தொட்டில்கள். அவற்றின் கதியும் இரண்டு வருடத்தில் அதுவே. ஊர்த் தச்சர் வழி சொன்னார்: வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் இரண்டைச் சுவருக்குச் சுவர் குறுக்கே போட்டு, அதில் நைலான் வலைக்கயிற்றை இரட்டையாகச் சுற்றி, நூல் சேலையில் தூளி. தூளிக்குத் தூளி மூன்றடி இடைவெளி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், அடியில் பாய். ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு நெல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு நாள் வைத்துக் காட்டினோம். பொறியாளர் ஏற்றுக்கொண்டார். ஆறு தூளி, மூன்று நாள் வேலை. வலைக்கயிறு உரசும் இடத்தை மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். நார் பிரிந்திருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

தண்ணீருக்குத் தனித் தலைப்பில் பணம் கேளுங்கள். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உவர்ப்பு, அதில் குளிப்பாட்டினால் பிள்ளைகளுக்குத் தொடை இடுக்கில் புண் வருகிறது. ஒரு நாளைக்கு எட்டுக் குடம் நல்ல தண்ணீர் தேவைப்படுகிறது. காவிரிக் குழாயில் வராத நாளில் விலைக்குத்தான் வாங்க வேண்டும். ‘இதர செலவு’ என்று போட்டால் தணிக்கையில் வெட்டிவிடுவார்கள்.

பணம் வருகிற வழி பற்றி. எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானது. அது மட்டும் போதாது. 2021 ஏப்ரல் 1 முதல், சி.எஸ்.ஆர் பணத்தைச் செயல்படுத்தும் அமைப்புக்கு மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்-1 பதிவு வேண்டும். நம்மைப் போன்ற அமைப்புகளுக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், மூன்றாண்டு அனுபவம் எல்லாம் வேண்டும். எங்களிடம் இல்லாததால் இவை உள்ள தொண்டு நிறுவனம் ஒன்றை நடுவில் வைத்தோம். அவர்கள் தந்த ஒப்பந்த வரைவில் சாமான்கள் எல்லாம் அவர்களுக்குச் சொந்தம் என்றும், சம்பளம் ‘நிதி வந்த பின்’ என்றும் இருந்தது. சாமான் சங்கத்துக்கு, சம்பளம் மாதம் 5-ஆம் தேதிக்குள் ஆயாவின் வங்கிக் கணக்குக்கு என்று திருத்தினோம். இந்த இரண்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊர்ப் பொதுக் கணக்கில் இந்தப் பணத்தைக் கலக்கவும் கூடாது. தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பெண்ணுடையதாக இருக்கட்டும்.

தனிக் கணக்கிலும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. சோதனைக்கு அனுப்பிய ஒரு ரூபாய்க்குப் பெயர் பொருந்தவில்லை. ‘மீனவர்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘மீ’க்குப் பான் கார்டில் இரண்டு ‘e’, பதிவுச் சான்றிதழில் ஒரு ‘i’. திருத்தி வர மூன்று வாரம். பதிவுச் சான்று, பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ரசீதில் இரண்டு எச்சரிக்கை. தச்சருக்கு 14,000 ரூபாயை ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்தோம், தணிக்கையாளர் ஏற்கவில்லை. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது, வங்கி வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று, வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை மையத்தில் வைத்திருந்தோம், அதுவும் தவறு. 19 கிலோ வணிகச் சிலிண்டருக்குத்தான் ரசீது செல்லும். அதன் விலையைக் கணக்கில் எடுத்து எரிபொருள் தொகையைக் கேளுங்கள்.

மையம் நடக்கத் தொடங்கிய பிறகு வந்த அடிதான் மிகவும் வலித்தது. டிசம்பர் 12 அன்று நிறுவனத்தின் கண்காணிப்பாளர் சொல்லாமல் வந்தார். அன்று ஆறு பிள்ளைகள். ‘பயனாளிகள் குறைவு, ஒரு ஆயா போதும்’ என்று அறிக்கை எழுதிவிட்டார். பாசிக்கு எல்லா நாளும் போவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். மாதத்தில் ஏறக்குறைய 12 நாள். அஷ்டமி, நவமியில் வற்று குறைவு, பெண்கள் வீட்டில் இருப்பார்கள். கண்காணிப்பாளர் வந்தது சரியாக அப்படிப்பட்ட ஒரு நாளில். பௌர்ணமியை ஒட்டிய டிசம்பர் 2 முதல் 7 வரை வருகைப் பதிவேட்டில் 17-க்குக் குறையவில்லை. நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே திதியையும் எத்தனை பெண்கள் கடலுக்குப் போனார்கள் என்பதையும் எழுதி, குழுத் தலைவியும் சங்கச் செயலாளரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். இரண்டாம் ஆயா தப்பினார்.

இப்போது வருகைப் பதிவேட்டில் திதிக்கென்று தனிப் பத்தி போட்டுவிட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் தரம் பிரிக்கும் பெண்களுக்கு வேலை இராது, வருகை இன்னும் இறங்கும். அந்தக் காலாண்டு அறிக்கையை அனுப்பும் முன்பே தடைக்கால அறிவிப்பின் நகலை இணைத்து ஒரு கடிதம் போக வேண்டும். வரைவு எழுதியாயிற்று, மார்ச் கடைசி வாரம் அனுப்புகிறோம்.