கேட்டில் நிற்கும் இரும்புக் கூண்டு

விமானத்துக்குள் கையோடு கொண்டுபோக வாங்கும் பெட்டியில் தொங்கும் 'கேபின் சைஸ்' அட்டையை அப்படியே நம்பாதீர்கள். பல கம்பெனிகள் சக்கரத்தையும் கைப்பிடியையும் விட்டுவிட்டுத்தான் உயரம் போடுகின்றன. விமானக்காரர்கள் அதையும் சேர்த்து அளப்பார்கள். அந்த நாலைந்து சென்டிமீட்டரில்தான், கேட்டில் அளவு பார்க்க வைத்திருக்கும் கூண்டுக்குள் இறங்காமல் பெட்டி முறைத்துக்கொண்டு நிற்கும்.

உலகத்துக்கே பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் சுமார் 56 x 36 x 23 செ.மீ.; எடையைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆசியாவில் பல விமானங்களில் 7 கிலோ. 2015-ல் விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா 55 x 35 x 20 என்று ஒரு பொது அளவைச் சொல்லிப் பார்த்தது. கிளம்பிய கூச்சலில் சீக்கிரமே கிடப்பில் போட்டார்கள்.

கண்டிப்பும் ஆளைப் பொறுத்துத்தான். விமானம் காலியென்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபுல் என்றால் சக்கரப் பெட்டிக்காரர்தான் முதலில் மாட்டுவார். முதுகுப்பை எவ்வளவு உப்பியிருந்தாலும் நைசாக உள்ளே போய்விடும். (அநியாயம்தான்!)

ஊழியர்கள் உங்கள் பெட்டியை வாங்கிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பினால், பவர் பேங்க்கை முதலில் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது சரக்கு அறைக்குப் போகக் கூடாது. அவசரத்தில் ஊழியர்களே சொல்ல மறந்துவிடுகிறார்கள்.