நேபாளத்தில் தொண்டு: குழந்தைகள் இல்லம் வேண்டாம், முதியோர் இல்லம் பாருங்கள்

நேபாளத்துக்குப் போய் ஒரு மாதம் அநாதை இல்லத்தில் சேவை செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் பதில். மனசு நல்லதுதான், போகிற இடம்தான் சரியில்லை.

அந்த நாட்டில் குழந்தைகள் இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்ரா இருக்கும் காஸ்கி ஆகிய ஐந்து மாவட்டங்களில். எல்லாம் சுற்றுலாப் பயணிகள் புழங்கும் இடங்கள். பிள்ளைகளில் பலரோ ஹும்லா மாதிரி எட்டாத மலை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொடங்கி, 'பட்டணத்தில் படிக்க வைக்கிறோம்' என்று சொல்லி, பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு தரகர்கள் பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். ஊரில் அப்பா அம்மா உயிரோடு இருக்க, பிள்ளை காகிதத்தில் அநாதை. வெளிநாட்டுத் தொண்டர் வாராவாரம் கட்டும் பணம்தான் இப்படிப்பட்ட இல்லத்துக்கு வருமானம். பிள்ளைகள் வீடு திரும்பினால் வருமானம் போய்விடும், அதனால் அனுப்ப மாட்டார்கள்.

ஒழுங்காக நடக்கும் இல்லம் ஒரு மாதத் தொண்டரைப் பிள்ளைகளோடு விடாது. உள்ளே நுழைந்ததுமே முன்பின் தெரியாத உங்கள் மடியில் குழந்தை வந்து ஏறுகிறதா? அதைப் பாசம் என்று நினைத்துப் படம் எடுக்காதீர்கள். ஆள் மாறி ஆள் வந்து போனதில், யாரிடமும் ஒட்டிக்கொள்ளலாம் என்று பழகிப்போன குழந்தை அது.

முதியோர் இல்லம் வேறு கதை. அங்கே ஆள் பற்றாக்குறை உண்மையானது. ஒரு மாதம் இருந்தாலும் உங்கள் கைக்கு வேலை இருக்கும். காத்மாண்டுவில் பசுபதிநாத் கோயிலை ஒட்டிய பஞ்ச தேவல் வளாகத்தில் அரசு முதியோர் இல்லமே இருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. மற்ற நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் சட்டவிரோதம். 'டூரிஸ்ட் விசாவிலேயே வாங்க, பார்த்துக்கலாம்' என்கிற ஏஜென்டை நம்பாதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஆகவே ஆறு மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சொதப்புவது சோறு ஊட்டுவதில். அங்கே பெரும்பாலும் பருப்பும் சோறும், அல்லது அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்த ஜாவ்லோ என்கிற கஞ்சி. படுத்தவாக்கில் ஊட்டாதீர்கள். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். நீங்களும் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்தில் இருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், சோறு மூச்சுக்குழலுக்குள் போக வழி அதுதான். முகவாய் கொஞ்சம் கீழே இருக்கட்டும். டீஸ்பூனில் முக்கால் அளவு, அதற்கு மேல் வேண்டாம். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டபின் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். வெறும் தண்ணீர்தான் புரையேறுவதில் மோசம், கஞ்சி பதத்தில் இருப்பது எளிது. முடிந்ததும் அரை மணி நேரமாவது சாய்க்காமல் உட்காரவையுங்கள். 'புக்யோ' என்றால் போதும் என்று அர்த்தம். சொன்னபிறகு இன்னும் ஒரு வாய் என்று கெஞ்ச வேண்டாம்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது எல்லாரும் செய்கிற தப்பு. தோள் மூட்டு நழுவும், உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில் போடுங்கள். பிரேக் இரண்டையும் போட்டு, கால்வைக்கும் தகடுகளை மடக்கி, செருப்பு வழுக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள். கட்டிலோடு கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். அப்போது வால் எலும்பு, குதிகால், இடுப்பு ஓரம் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் ஆரம்பம். அங்கே தேய்க்கக் கூடாது, அந்தப் பக்கம் படுக்கவைக்கவும் கூடாது.

குளிர்காலத்தில் குளியல் நண்பகலுக்கு மேல்தான். விரல் நுனியால் சூடு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், முழங்கையை விட்டுப் பாருங்கள். 'துக்யோ?' என்றால் வலிக்கிறதா. பாட்டியை ஆமா, தாத்தாவைப் புவா என்று அழையுங்கள்.

சிரங்கு பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ராத்திரியில் விரலிடுக்கு அரித்தால் சந்தேகப்படுங்கள். ஐந்து சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை முழு உடம்பிலும் (முதியவர்களுக்கு நெற்றி, உச்சந்தலையிலும்) தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி. உங்களுக்கு மட்டும் தடவிக்கொண்டால் பயனில்லை. அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தடவி, படுக்கை விரிப்பெல்லாம் வெந்நீரில் போக வேண்டும்.

எதையாவது வாங்கிப்போக நினைத்தால் பிஸ்கட் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு ஆகாது, உதிரும் துகள் தொண்டையில் சிக்கும். பெரியவர்களுக்கான டயப்பரும் துத்தநாகக் களிம்பும் கொடுங்கள், இடுப்புச் சுற்றளவு என்ன என்று இல்லத்தில் கேட்டுவிட்டு.