டோங்காவில் ஒரு ஞாயிறு, வயிற்றில் ஈரத்துணி

பசிபிக் தீவு நாடான டோங்கா போகிறவர்கள் சனிக்கிழமையே பிரெட், பிஸ்கட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. சனி ராத்திரி இறங்கிய களைப்பில் டாக்சி ஏறினேன். ஏறும்போது பேசியது ஒரு கூலி, தலைநகர் நுகுஅலோஃபாவில் இறக்கிவிட்டதும் கேட்டது வேறு. பெட்டிக்குத் தனியாம், ராத்திரிக்குத் தனியாம். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அங்கேயே போச்சு.

காலையில் பார்த்தால் ஊரே மூடிக் கிடக்கிறது. கடை இல்லை, பஸ் இல்லை, தேவாலயப் பாட்டு மட்டும் தெருவெல்லாம் கேட்கிறது (அது அபாரம், பசியிலும் நின்று கேட்டேன்). இதென்ன கொடுமை என்று விடுதிக்கார அம்மாவிடம் கேட்டால், "எங்கள் அரசியலமைப்பு" என்கிறார்!

நிஜம்தான். முதலாம் ஜார்ஜ் டுபோ மன்னர் 1875 நவம்பர் 4 அன்று தந்த அரசியலமைப்பு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஞாயிறு புனித நாள், வியாபாரம் கூடாது, அன்று போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது. டாக்சியில் நள்ளிரவு தாண்டி ஏறித் தொலைத்திருக்கலாம்.

ஆனால் அந்த மன்னர் மேல் கோபப்படவும் முடியவில்லை. 1862இலேயே குடியானவர்களைப் பிரபுக்களின் கட்டாய வேலையிலிருந்து விடுவித்தவர். பிரபுவுக்கும் குடிமகனுக்கும் ஒரே சட்டம், நிலத்தை யாரும், மன்னரே ஆனாலும், விற்கக் கூடாது என்று எழுதி வைத்தார். என்ன, மந்திரிகளை நியமிப்பது மட்டும் அரசர் கையிலேயே இருந்தது. 2006இல் கலவரம் வெடித்து நகரின் கடைத்தெரு பெரும்பகுதி எரிந்த பிறகு, அப்போதைய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் டுபோ பெரும்பாலான அதிகாரங்களை விட்டுக்கொடுத்தார். 2010 தேர்தலில்தான் நாடாளுமன்றத்தின் 26 இடங்களில் 17 மக்கள் ஓட்டுக்கு வந்தது. பிரதமரையும் சபையே தேர்ந்தெடுக்கிறது. மீதி 9 இடம் இன்றும் பிரபுக்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுக்கொள்வது. 33 பிரபுப் பட்டங்களுக்கு 9 இடமா? எனக்கு இது சரியாகப் படவில்லை.

மத்தியானம் கடலோர அரண்மனைவரை நடந்தேன். 1867இல் கட்டிய வெள்ளை மரக் கட்டடம், உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. என் பட்ஜெட்டுக்கு அதுதான் சரி.

திரும்பி வந்தால் அந்த அம்மா தட்டோடு நிற்கிறார். லூ! சேப்பங்கிழங்கு இலையில் டின் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டி, மண்குழியில் சூட்டுக்கல் போட்டு மூடி வேகவைத்தது. இலை வெண்ணெயாகக் குழைந்திருந்தது. மூன்று பொட்டலம் தின்றேன், வெட்கமில்லாமல். காசு நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வாங்கமாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

திங்கள் காலை அறை பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதிலும் சேர்க்கவில்லை.