மூன்று டிபார்ட்மென்ட், ஒரு கண்மாய்: சேர்ந்து புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷத்தில் நான் செய்த புராஜெக்ட்டில் தமிழ்த்துறை மாணவி ஒருத்தியும் கணிதத்துறைப் பையன் ஒருத்தனும் கூட இருந்தார்கள். இப்போது பிஎச்.டி. சேர்ந்துவிட்டேன். ஆனாலும் டிசம்பர் வந்தால் ஜூனியர்கள் யாராவது போன் செய்து, "அக்கா, வேற டிபார்ட்மென்ட்டோட சேர்ந்து செய்யலாம்னு இருக்கோம், எச்.ஓ.டி. விடுவாங்களா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விடுவார்கள். எங்கள் அனுபவத்தில் எச்.ஓ.டி., அதாவது துறைத்தலைவர், ஒரு தடையே இல்லை. டைம்டேபிளும், இன்டர்னல் மார்க்கும், ஆசிரியர்களின் வேலை நேரக் கணக்கும்தான் தடை. இந்த மூன்றுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டுப் பேசப் போனால் யாரும் மறுக்க மாட்டார்கள். "துறைகளுக்கு இடையே பாலம்" என்று பெரிதாக ஆரம்பித்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் ஆரம்பித்தது ஒரு எரிச்சலில். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் புறநானூற்றின் 18-ஆம் பாட்டு இருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் நீர்நிலை அமைக்கச் சொல்லும் பாட்டு. அதை ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்தோம். அடுத்த கட்டடத்துக்குப் போனால் நீரின் கடினத்தன்மை பத்து மார்க். அதையும் மனப்பாடம் செய்தோம். கல்லூரிக் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு கண்மாய் கிடந்தது. மூன்று வருஷம் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வந்து போனோம், ஒரு நாளும் இறங்கிப் பார்க்கவில்லை. மதுரைப் பக்கம் எந்தக் கல்லூரிக்குப் பக்கத்திலும் ஒரு கண்மாய் இருக்கும். தமிழ்நாடு முழுக்க 39 ஆயிரத்துக்கும் மேலே ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அப்படியிருக்க லேபில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளக்கும் டைட்ரேஷன் போட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: தலைப்பைத் தேடாதீர்கள், ஒரு பொருளைத் தேடுங்கள். "நீர் மேலாண்மை" என்று எடுத்திருந்தால் மூன்று பேரும் மூன்று கட்டுரை எழுதி ஸ்பைரல் பைண்டிங் போட்டிருப்போம். "இந்தக் கண்மாயைச் சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீர்" என்று எடுத்ததால் மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் எச்.ஓ.டி. "கெமிஸ்ட்ரிக்கு எதுக்குப்பா தமிழு?" என்று கேட்டபோது நாங்கள் சொன்னது கீழடி. 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அகழாய்வு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் கி.மு. 580 என்று காலம் வந்தது. எலும்புகள் புனே டெக்கான் கல்லூரிக்கும், செங்கல்லும் கூரை ஓடும் வேலூர் விஐடிக்கும், பானை ஓடுகள் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்துக்கும் போயின. ஒரு குழிக்கு இத்தனை துறை. நம் ஊர்க் குழிக்கு மூன்று துறை போதும் சார் என்றோம். சிரித்துவிட்டார், பாதி வேலை முடிந்தது.

இனி மார்க் விஷயம். இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். கூட்டுப் பாடம் ஒன்று வேண்டும் என்று கேட்டால் பாடத்திட்டக் குழு கூட வேண்டும், கிரெடிட் ஒதுக்க வேண்டும், அதற்குள் நீங்கள் டிகிரியே வாங்கியிருப்பீர்கள். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. எனக்கு ஆறாம் செமஸ்டரில் புராஜெக்ட் பேப்பர் ஏற்கெனவே இருந்தது. தமிழ்க்காரிக்குக் களப்பணி ஏடு இருந்தது. கணிதப் பையனுக்குப் புள்ளியியல் தாளில் அசைன்மென்ட் இருந்தது, இன்டர்னல் 25-இல் ஐந்து மார்க். இருக்கிற மூன்று வேலையையும் ஒரே கண்மாயில் கொண்டுபோய்க் கட்டினோம், அவ்வளவுதான். அவரவர் துறை அவரவர் பகுதிக்கு மார்க் போட்டது. எந்தக் குழுவின் அனுமதியும் தேவைப்படவில்லை. கல்லூரி ஆபீஸுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

டைம்டேபிளுக்கு ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். மூன்று துறையின் டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மூன்று பேருக்கும் ஓய்வான மணி நேரத்தைச் சிவப்பில் வட்டம் போடுங்கள். எங்கள் டைம்டேபிள் கிழமைக் கணக்கில் இல்லை, முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் சுற்றி வரும் டே ஆர்டர் கணக்கில். அந்த ஆறு டே ஆர்டரில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, நான்காம் டே ஆர்டர் கடைசி மணி. டே ஆர்டர் நகர்ந்துகொண்டே போகும் என்பதால் வாரத்தின் எந்தக் கிழமை என்று கிராமத்தில் சொல்லி வைக்கவும் முடியாது. கடைசியில் சனிக்கிழமைதான் கை கொடுத்தது. ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போனதாக வருகை) கேட்டு வருகைப் பதிவில் மல்லுக்கட்டுவதைவிட அது மேல். 75 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஊசலாடுகிறவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று எங்கள் தமிழ் ஐயா ஆசைப்பட்டார். முடியவில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு என்பது யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கணக்கு. ஒரே வகுப்பில் இரண்டு பேர் நின்றால் அந்த மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? இதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஐயா கண்டுபிடித்த வழி எளிமையானது. லீவு போடும்போது வகுப்பை மாற்றிவிடும் ஆல்டரேஷன் நோட்டு இருக்கிறதே, அதிலேயே எழுதினார்கள். ஒரு மணி நேரம் ஐயா வேதியியல் வகுப்புக்கு வந்தார், பதிலுக்கு எங்கள் மேடம் தமிழ் வகுப்புக்குப் போனார். இரண்டு பேருக்கும் கணக்கு சரி. அந்த ஒரு மணி நேரத்தில் ஐயா மடை, கலுங்கு, மறுகால், உள்வாய், ஆயக்கட்டு என்று போர்டில் படம் போட்டுக் காட்டினார். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் இடம், அப்படி ஓடுவதுதான் மறுகால். இது தெரியாமல் நாங்கள் களத்துக்குப் போயிருந்தால் "அந்த சிமென்ட் கட்டை பக்கத்துல" என்றுதான் சாம்பிள் பாட்டிலில் எழுதியிருப்போம்.

2023 பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை போனோம். முதல் நாளே சண்டை. தண்ணீர் சாம்பிளை வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு அவசரம். தமிழ்க்காரியோ மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சித் தாத்தாவிடம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம். நான் தூரத்திலிருந்து வாட்சைக் காட்டுகிறேன், அவள் பார்க்கவே இல்லை. திரும்பி வந்ததும் கேட்டேன். "பெரியவர் பேசிக்கிட்டு இருக்கும்போது பாதியில எந்திரிச்சு வரச் சொல்றியா? உன் தண்ணி எங்கயும் போகாதுடி, அவரு பேச்சு போயிரும்" என்றாள். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அவள் துறையின் முறை அது, என் துறையின் முறை இது. நான்தான் முந்தின நாளே பேசி வைத்திருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து அவள் காலை ஏழு மணி பஸ்ஸில் தனியாகப் போனாள், நானும் கணிதப் பையனும் பத்து மணிக்குப் போனோம். பிரச்சினை தீர்ந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எழுதி வந்தது என்ன தெரியுமா? ஊரில் தண்ணீருக்கு மூன்று பெயர்: நல்ல தண்ணி, சப்புத் தண்ணி, உப்புத் தண்ணி. எந்தக் கிணறு எது என்று தாத்தா வரிசையாகச் சொல்லியிருந்தார். கணிதப் பையன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை வச்சே பிரிச்சு எடுக்கலாமே" என்றான். அதுவரை நான் கண்ணில் பட்ட அடிபம்பில் எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்த பிறகு மூன்று வகைக்கும் சம எண்ணிக்கை, ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாவது வீடு என்று ஒழுங்கு வந்தது. ஐந்தாவது வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னான். எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில்தான் அதன் அருமை தெரிந்தது.

பிறகு நான் செய்த கூத்து. முதல் நாள் எங்கள் லேப் மீட்டரில் கரைந்த உப்பின் அளவை, அதாவது டிடிஎஸ்ஸை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடுத்தேன். இரண்டாம் நாள் அந்த மீட்டரில் பேட்டரி இல்லை. வேறொரு லேபில் கடன் வாங்கிப் போனேன். அது மின்கடத்துத் திறனைக் காட்டும் மீட்டர், மைக்ரோசீமன்ஸில். திரையில் ஓர் எண் வருகிறது, நான் அதே பட்டியலில் அதே கட்டத்தில் எழுதிக்கொண்டே போனேன். கணிதப் பையன் வரைபடம் போட்டான். முதல் நாள் புள்ளிகள் கீழே ஒரு கூட்டம், இரண்டாம் நாள் புள்ளிகள் மேலே ஒரு கூட்டம். அவனுடைய மேடம் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு வாரத்துல ஊர் முழுக்க உப்புக் கூடிருச்சா?" என்று கேட்டார். 1,400 என்று நான் எழுதியது உண்மையில் சுமார் 900 மில்லிகிராம். கடத்துத் திறனை ஏறக்குறைய 0.64-ஆல் பெருக்கினால் டிடிஎஸ் வரும், முதலாம் ஆண்டிலேயே படித்ததுதான். என் துறைக்காரர்கள் மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தப்பு வெளியே வந்திருக்குமா என்று தெரியவில்லை. எங்களுக்கு எண் பழகிவிட்டது, அவருக்குப் புள்ளிகள்தான் கண்ணில் பட்டன.

ஆகவே முதல் வாரமே ஒரு பொது நோட்டு போடுங்கள். இடது பக்கம் அளவு, அலகு, எந்தக் கருவி, எந்தத் தேதி. வலது பக்கம் மற்றவர்களுக்குப் புரியாத சொல்லும் அதன் பொருளும். கடினத்தன்மை பார்க்கும் சோதனைக்கு எங்கள் நோட்டில் "எரியோகுரோம் பிளாக் டி: இதை ஊற்றினால் தண்ணீர் ஒயின் சிவப்பு, இடிடிஏ விட விட நீலமாகும், நீலமானதும் நிறுத்து" என்று தமிழ்க்காரியின் கையெழுத்தில் இருக்கிறது. கூடவே லேபுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதினாள். அந்த நிறம் மாறும் கணத்தில் அவள் கத்திய கத்தலில் அட்டெண்டர் அண்ணன் ஓடி வந்துவிட்டார்.

ரிப்போர்ட் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கண்மாயைப் பற்றிய இரண்டு பக்கத்தை மூன்று பேரும் ஒருவர் எழுதியதையே எடுத்துப் போட்டோம். எங்கள் மேடம் தற்செயலாக மற்ற இரண்டையும் வாங்கிப் பார்த்ததால் தப்பித்தோம், இல்லாவிட்டால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் காப்பி என்றுதான் சொல்லியிருப்பார். பொதுவான பகுதியை ஒருவர் பெயரில் பின்னிணைப்பாக வைத்து, மற்ற இருவரும் "இது இன்னாருடையது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வைவாவில் முதல் கேள்வி நிச்சயம் இதுதான்: "இதுல உன் வேலை எது?" இரண்டு வாக்கியத்தில் பதில் வேண்டும். "நாங்க எல்லாரும் சேர்ந்து" என்று ஆரம்பித்தால் முடிந்தது கதை. நான் சொன்னது: "தண்ணீர் எடுத்தது, அளந்தது நான். எங்கே எடுக்கணும்னு முடிவு செஞ்சது அவங்க ரெண்டு பேரு." அடுத்த கேள்வி அடுத்தவர் பகுதியிலிருந்து வரும், அதற்கும் தயாராகுங்கள். "அஞ்சாவது வீடு பூட்டியிருந்தா?" என்று தேர்வாளர் கேட்டார். எழுதி வைத்திருந்தோமே, ஆறாவது வீடு சார் என்றேன். குடிநீருக்கு டிடிஎஸ் 500 வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்ற இந்தியத் தர நிர்ணய அளவைக் கேட்டார், சொன்னேன். கலுங்கு என்றால் என்ன என்றும் கேட்டார். தமிழ்க்காரியிடம் அவளுடைய தேர்வாளர் கடின நீர் என்றால் என்ன என்று கேட்டாராம். "பருப்பு வேகாத தண்ணி ஐயா, சோப்பு நுரைக்காது" என்றிருக்கிறாள். கால்சியம், மக்னீசியம் என்று நான் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தது வீண்.

எப்போது ஆரம்பிப்பது? செமஸ்டர் திறந்த முதல் வாரம். முதல் இன்டர்னல் தேர்வு வந்துவிட்டால் எந்த ஆசிரியரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார், அவர்கள் மேல் தப்பில்லை. ஆசிரியரிடம் போகும்போது யோசனையோடு போகாதீர்கள், ஒட்டிய டைம்டேபிள் சார்ட்டோடும் எந்தப் பேப்பரின் எந்த மார்க் என்ற சீட்டோடும் போங்கள். ஒருவர் சம்மதித்ததும் "அந்த சார் சரின்னுட்டாங்க" என்று அடுத்தவரிடம் சொல்லாதீர்கள், கட்டாயப்படுத்துகிற மாதிரி இருக்கும். இரண்டு ஆசிரியர்களையும் கேன்டீனில் சந்திக்க வையுங்கள். எங்கள் காலத்தில் வேதியியல் மேடமும் தமிழ் ஐயாவும் பத்து வருஷமாக ஒரே கல்லூரியில் இருந்தும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அப்போதுதான்.

இந்த வருஷம் ஜூனியர்கள் அதே கண்மாயை எடுத்திருக்கிறார்கள். விலங்கியலும் சேர வேண்டும் என்கிறதாம், மீனும் கொசுப் புழுவும் பார்க்க. பழைய சார்ட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். நான்காவது டைம்டேபிள் ஒட்ட இடமில்லையே அக்கா என்றார்கள். பின்பக்கம் ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.