கேப்சூலும் கால்புரொடெக்டினும்

மார்ச் 4
எனக்கு இருப்பது க்ரோன் நோய், அடிக்கடி கிளம்பும் குடல் அழற்சி. ராத்திரி முழுக்க வயிறு புரட்டல். ரத்தம் இல்லை, அதுவரை சரி.

மார்ச் 5
மலம் டெஸ்ட்டுக்குக் கொடுத்தாச்சு. குடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் கால்புரொடெக்டின் 50க்குக் கீழே வந்தால் நிம்மதி. 250ஐத் தாண்டினால் மறுபடி ஸ்டீராய்டுப் பேச்சு வரும். அந்த வீங்கின முகம் இனி வேண்டவே வேண்டாம்.

மார்ச் 7
மீன் எண்ணெய் டப்பாவில் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்து. திருப்பினால் பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. இரண்டும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். ஆக ஒமேகா-3 வெறும் 300. மீதி சும்மா எண்ணெய்.

1996இல் இத்தாலியில் க்ரோன் நோய் அடங்கியிருந்த 78 பேருக்குச் செய்த சோதனையில் மீன் எண்ணெயிலிருந்து ஒரு நாளைக்கு 2.7 கிராம் ஒமேகா-3 கொடுத்தார்கள். என் டப்பா கணக்கில் ஒன்பது கேப்சூல்! ஒரு வருடத்தில் நோய் திரும்பியது 28 சதவீதம் பேருக்கு. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 69. இதைப் படித்த அன்று வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

மார்ச் 8
மீன் ஏப்பம். நாள் பூரா.

மார்ச் 9
அக்கா போன். "சமையல் எண்ணெயை மாத்துடா, எல்லாம் அதனாலதான்." முழுக்கத் தப்பென்று சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். பல சமையல் எண்ணெய்களில் இருக்கும் ஒமேகா-6 கொழுப்பின் வழியில் வரும் அராகிடோனிக் அமிலம் செல் சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து லியூக்கோட்ரைன் பி4 என்ற அழற்சிச் சமிக்ஞைப் பொருள் பிறந்து நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்களைக் கூவிக் கூப்பிடும். இ.பி.ஏ. அந்த இடத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் பிறப்பது லியூக்கோட்ரைன் பி5, குரல் கம்மி. கால்புரொடெக்டினும் அந்த நியூட்ரோபில்களுக்குள் இருக்கும் புரதம்தான். நான் காத்திருப்பது அந்த ஆள்கணக்குக்காக.

ஆனால் சவ்வில் நடப்பதெல்லாம் குடலில் தெரிய வேண்டுமே. 2008இல் க்ரோன் நோயில் ஒமேகா-3க்கு இரண்டு பெரிய சோதனைகள், தினம் 4 கிராம். நோய் திரும்பியவர்கள், ஒன்றில் ஒமேகா-3 சாப்பிட்டவர்களில் 31.6 சதவீதம், போலி மாத்திரையில் 35.7; இன்னொன்றில் 47.8க்கு 48.8. வித்தியாசமே இல்லை. இதை ஏன் ராத்திரியில் படித்தேன்?

மார்ச் 10
நார்ச்சத்தைப் புளிக்க வைத்து பாக்டீரியா தரும் பியூட்டிரேட்டும் கொழுப்பு அமிலம்தான். பெருங்குடல் செல்லுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். எனக்கோ சிறுகுடல் கடைசியில் குறுகல். நாரைக் குறை என்று உத்தரவு.

மார்ச் 11
ரிசல்ட் வரவில்லை. அக்காவிடம் கத்திவிட்டேன்.

மார்ச் 12
140. ரெண்டுங்கெட்டான். கொஞ்ச நாள் கழித்து மறுபடி எடுக்கணுமாம். மீன் எண்ணெய் பற்றிக் கேட்டேன். "சாப்பிடுங்க, சாப்பிடாமலும் இருங்க, உங்க இஷ்டம்" என்றார் டாக்டர்.